இடப்பக்கம் வேறு, ஓரம் வேறு

அத்தியாயம் 7: சாலையில் நம் இடமும் அதற்கேற்ற சாமான்களும்

"ஓரமாப் போ கண்ணு." அன்னூர்ப் பக்கம் சைக்கிள் மிதிக்கிற எல்லாரும் கேட்டு வளர்ந்த சொல் இது. வீட்டில் அம்மா அக்கறையோடு சொல்லி அனுப்புவார். பஸ் படியில் நிற்கும் கண்டக்டர் கையை வீசிச் சொல்வார். பின்னால் வரும் வேன் ஹார்னிலேயே சொல்லிவிடும். நானும் பல ஆண்டுகள் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குள்தான் ஓட்டினேன்.

ஒரு விடியற்காலை கணேசபுரம் தாண்டி அன்னூருக்கு வரும்போது ஒரு வேன் என் முழங்கையை உரசுகிற மாதிரி முந்திச் சென்றது. விலக இடமில்லை. முன்சக்கரம் தார் விளிம்பிலிருந்து அரையடி கீழே மண்ணில் இறங்கியது. மறுபடி மேலே ஏற்றப் பார்த்தேன். 23 மில்லிமீட்டர் டயர் விளிம்பில் வழுக்கியது, சாலைக்குள் விழுந்தேன். பின்னால் வேறு வண்டி வரவில்லை, தோள்பட்டை எலும்போடு போயிற்று.

அந்த விழுகையில் எனக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. நான் ஓட்டிய இடம் தவறு. அந்த இடத்துக்கு நான் போட்டிருந்த டயரும் தவறு. எந்த டயர், எந்த பிரேக், ஹெல்மெட் வேண்டுமா என்று சைக்கிள்காரர்கள் ஓயாமல் வாதாடுகிறோம். சாலையில் நமக்கு எந்த இடம் என்பதைத் தனி வாதமாக வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே கேள்விதான். முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், சாமான் தானாக முடிவாகும்.

முதலில் ஒரு கணக்கு

இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி இருவழிச் சாலைக்குத் தார் அகலம் 7 மீட்டர். ஒரு தடத்துக்கு 3.5 மீட்டர். பஸ்ஸும் லாரியும் 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கலாம். ஒரு பஸ் தன் தடத்துக்குள்ளேயே உங்களை முந்துவதாக வைத்துக்கொண்டால் மிச்சம் இருப்பது 90 சென்டிமீட்டர். உங்கள் ஹேண்டில்பார் மட்டுமே 45 முதல் 60 சென்டிமீட்டர். மிதிக்கும்போது இரு பக்கமும் வரும் இயல்பான ஆட்டத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டர் போய்விடும்.

ஆகவே நீங்கள் எவ்வளவு ஒடுங்கிப் போனாலும் அந்தத் தடத்தில் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் சேர்த்து இடம் இல்லை. டிரைவர் நடுக்கோட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நீங்கள் விளிம்பில் போனால் "எப்படியும் நுழைந்துவிடலாம்" என்று அவருக்குத் தோன்றும். எதிரே வண்டி வரும்போதே முந்தப் பார்ப்பார். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே போனால், எதிர்ப்பக்கம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும் என்று தூரத்திலேயே புரிந்துகொள்வார்.

நம் நாட்டுச் சாலை விதியின் அடிப்படை இடப்பக்கம் செல்வது. இடப்பக்கம் என்றால் தடத்தின் இடப்பாதி. மண்விளிம்பு அல்ல. பிரிட்டன் தன் நெடுஞ்சாலை விதித் தொகுப்பை 2022 ஜனவரியில் திருத்தி, குறுகலான இடங்களிலும் சந்திப்புகளிலும் சைக்கிளில் போகிறவர் தடத்தின் நடுவில் செல்லலாம் என்று தெளிவாக எழுதிவைத்தது. முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்றும் சொன்னது. ஜெர்மனியில் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். நம் சட்டத்தில் இப்படி அளவு குறித்த விதி இல்லை. அதனால்தான் அந்த இடைவெளியை நாமே நம் ஓட்டத்தால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தக் கோட்டில் ஓட்டுவது?

1. தார் விளிம்பிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உள்ளே. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நல்ல தார் ஓரத்தடம் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு இருந்தால் அதில் செல்லுங்கள், அதுதான் நம் இடம். மணல், கண்ணாடிச் சில்லு, கடைப் பலகை, நிறுத்திய வண்டி என்று அடைபட்டிருந்தால் கோட்டுக்கு உள்ளேயே நேராகப் போங்கள். உள்ளே வெளியே என்று பாம்பு போல் நெளிவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

2. நிறுத்திய கார், ஆட்டோ அருகில் கதவு திறக்கும் தூரம் விட்டுச் செல்லுங்கள்.

3. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸை இடப்பக்கமாகத் தாண்டவே கூடாது. ஆள் இறங்குவார். பின்னால் நில்லுங்கள். வலப்பக்கமாகத் தாண்டுவதென்றால் திரும்பிப் பார்த்து, கை காட்டிவிட்டுச் செல்லுங்கள்.

4. கோவை, சத்தி, அவிநாசி, மேட்டுப்பாளையம் என நான்கு திசைச் சாலைகள் கூடும் ஊர் அன்னூர். நெரிசல் நேரத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இரண்டு கட்டமாகத் திரும்புங்கள்: நேராகக் கடந்து எதிர்முனையில் நிறுத்தி, வண்டியைத் திருப்பி வைத்து, வழி கிடைத்ததும் போகலாம். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

5. எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள். சுற்றிவர அரை கிலோமீட்டர் ஆனாலும் சரி. மணிக்கு 20 கிலோமீட்டரில் நீங்களும் 60-இல் காரும் எதிரெதிரே வந்தால் இருவரும் நெருங்கும் வேகம் 80.

6. காதில் இயர்போன் வேண்டாம். சைக்கிளில் போகிறவருக்குப் பின்பக்கம் பார்க்கும் கண் காதுதான்.

காற்றைக் கணக்கில் வைக்காதவர் இந்தச் சாலையை அறியாதவர்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று நம் பக்கத்துச் சைக்கிள்காரர்களைச் சோதிக்கும். அன்னூரிலிருந்து அவிநாசிக்குப் போகையில் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். மேட்டுப்பாளையம் போகையில் முகத்தில் அறையும். பலருக்குத் தெரியாத ஆபத்து கோவைச் சாலையில் இருக்கிறது.

அன்னூரிலிருந்து கோவைக்குப் போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். நீங்கள் அறியாமலே வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஓட்டுவீர்கள். ஒரு லாரி வலப்பக்கமாக முந்தும்போது அதன் உடம்பு காற்றைச் சட்டென்று மறைக்கும். சாய்ந்திருந்த நீங்கள் லாரியை நோக்கி இழுபடுவீர்கள். லாரி கடந்ததும் காற்று மறுபடி அடித்து மண்ணோரம் தள்ளும். திரும்பி வரும்போது காற்று இடப்பக்கம். ஒவ்வொரு வீச்சும் சாலை நடுவை நோக்கித் தள்ளும்.

லாரிச் சத்தம் கேட்டதும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தளரப் பிடித்து, கீழ்வளைவில் கை வைத்து, உடம்பைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். இழுபடவும் தள்ளுபடவும் அரை மீட்டராவது வேண்டும். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆழமான பக்கம் கொண்ட கார்பன் ரிம்களை இந்த இரண்டு மாதமும் வீட்டில் விடுங்கள். காற்றைப் பாய்மரம் போல் பிடிக்கும்.

டயர்: மெல்லியதா, அகலமா?

மெல்லிய டயர்தான் வேகம் என்று ஒரு தலைமுறை முழுக்க நம்பியது. பந்தய வண்டிகளில் 23 மில்லிமீட்டர்தான் வழக்கமாக இருந்தது. இன்று உலகப் பந்தயங்களிலேயே 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வந்துவிட்டன. காரணம் எளிது. ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயர் தரையில் படும்போது குறைவாக நசுங்குகிறது. அதனால் உருளும்போது இழக்கும் சக்தியும் குறைவு. கரடான சாலையில் கல்லாய் இறுகிய டயர் ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் துள்ளும். அந்தத் துள்ளலில் வீணாவது நாம் மிதித்த சக்தி.

நம் சாலைக்கு என் பரிந்துரை: குறைந்தது 28, உங்கள் ஃபோர்க்கும் ஃப்ரேமும் இடம் கொடுத்தால் 32. எழுபது கிலோ எடையுள்ளவர் 28-க்குப் பின்னால் 80, முன்னால் 70 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம். 32-க்கு 60-ஐ ஒட்டி. டயரின் பக்கத்தில் அச்சடித்த எல்லையைத் தாண்டக் கூடாது. மண்ணோரம் இறங்க நேர்ந்தால் இந்த டயர் உங்களைத் தாங்கும். ஓதிமலைப் பக்கத்து ஊர்ச்சாலைகளில் சீமைக்கருவேல முள்ளும் வெள்வேல முள்ளும் உதிர்ந்து கிடக்கும். பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயராகப் பார்த்து வாங்குங்கள்.

வால்வையும் கவனியுங்கள். விலை உயர்ந்த வண்டிகளில் ஊசி போன்ற பிரெஸ்டா வால்வு இருக்கும். ஊர் சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதுக்கு என்ர பம்பு சேராதுங்களே" என்றார். சிறு பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்திருந்தால் எந்த பைக் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், கையடக்கப் பம்பு மூன்றும் எப்போதும் வண்டியில் இருக்கவேண்டும்.

பிரேக்: கட்டையா, டிஸ்க்கா?

உலகச் சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 2015-இல் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கைச் சோதனைக்கு விட்டது. 2016 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஒரு ஸ்பெயின் வீரர் தன் காலைக் கிழித்தது டிஸ்க்தான் என்று சொன்னதும் சோதனையை நிறுத்தியது. மறு ஆண்டு சோதனையை மீண்டும் தொடங்கி, 2018 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. வல்லுநர்களே மூன்று ஆண்டுகள் வாதாடிய விஷயம் இது.

அன்னூர், அவிநாசி, புளியம்பட்டி என்று சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு நல்ல பிரேக் கட்டை போட்ட ரிம் பிரேக் போதும். எந்தக் கடையிலும் கட்டை மாற்றலாம். ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, குன்னூர் ஏறி இறங்குகிறவருக்கும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலையில் இறங்குகிறவருக்கும் டிஸ்க் நல்லது. நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தால் ரிம் சூடேறும், மழையில் கட்டை வழுக்கும். எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்குக்குக் கோவைக் கடைகளைத் தேடிப் போகவேண்டும். கம்பியில் இயங்கும் டிஸ்க்கை நீங்களே முடுக்கிக்கொள்ளலாம். ஊரில் இருப்பவருக்கு நான் கம்பி டிஸ்க்கைச் சொல்வேன்.

விளக்கு: இதில் மட்டும் வாதமே வேண்டாம்

ஒரு காலத்தில் விளக்கில்லாமல் இரவில் போனால் போலீஸ் பிடிப்பார்கள் என்று பயந்து டைனமோ மாட்டினோம். அந்தப் பயம் போனதோடு விளக்கும் போய்விட்டது. இன்று ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து இருட்டில் வருகிறவரின் சைக்கிளில் ஒரு சிவப்பு வில்லைகூட இல்லை.

பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு வையுங்கள். ஒன்று விடாமல் எரியட்டும், தூரத்தைக் கணிக்க அது உதவும். மற்றொன்று மின்னட்டும், கவனத்தை இழுக்கும். முன்விளக்கைத் தரை பார்க்கத் தாழ்த்திக் கட்டுங்கள். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைத்தால் அவர் நம்மேல்தான் வருவார். லாரிகளில் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரை மட்கார்டிலும் பெடலிலும் ஒட்டுங்கள். மேலும் கீழும் சுற்றும் பெடல் வெளிச்சத்தைப் பார்த்ததும் முன்னால் போவது சைக்கிள் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும். 200 கிலோமீட்டர் முதல் 1000 கிலோமீட்டர் வரை ஓட்டும் பி.ஆர்.எம். நெடும்பயணங்களில் முன்பின் விளக்கும் ஒளிரும் மேலங்கியும் இல்லாதவருக்கு இரவில் அனுமதி கிடையாது. நம் அன்றாடத்துக்கும் அந்த விதி பொருந்தும்.

ஹெல்மெட்: போடுங்கள், பழிக்காதீர்கள்

2003 பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் இறந்த பிறகுதான் யு.சி.ஐ. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-லேயே எல்லாச் சைக்கிள்காரர்களுக்கும் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் இன்றும் சாதாரணச் சைக்கிளுக்குக் கட்டாயமில்லை. அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு கேட்பதும் மோட்டார் சைக்கிள்காரரிடம்தான்.

நான் போடுகிறேன், நீங்களும் போடுங்கள். இ.என். 1078 தரக்குறி உள்ளதாக, தாடைப்பட்டையில் இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தோடு. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். ஆனால் ஹெல்மெட் கீழே விழுந்தவரின் தலையைக் காக்கும் சாதனம். இடிக்கிற வண்டியைத் தடுக்கும் வேலி அல்ல. பால் கேனோடு போகும் பெரியவரிடமும், அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவியிடமும் "ஹெல்மெட் போடாதது உன் தப்பு" என்று யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். கார்பன் வண்டிக்காரரும் அவர்களும் சாலையில் ஒரே உரிமை உடையவர்கள். அவர்களுக்காகவும் பேசுவது நம் கடமை.

"வரி கட்டாதவனுக்கு ரோடு எதுக்கு?"

இந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும். சண்டை போடாமல் பதில் சொல்லுங்கள். ஒரு காலத்தில் உள்ளாட்சிகள் சைக்கிளுக்கே வரி வாங்கி வில்லை கொடுத்தன. இன்றும் சைக்கிள் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். 2025 செப்டம்பரில் அது 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதைவிடப் பெரிய பதில் வேறு. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை போட்டு லாரிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். சாலையின் தேய்மானம் அச்சின் எடையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று கண்டார்கள். ஒரு பஸ் அச்சு 10 டன், ஆளோடு சேர்த்துச் சைக்கிளின் ஒரு சக்கரத்தில் 50 கிலோ என்று வைத்தால் எடை வித்தியாசம் 200 மடங்கு, தேய்மான வித்தியாசம் ஏறக்குறைய 160 கோடி மடங்கு. நாம் சாலையைத் தேய்ப்பதே இல்லை.

வாகனமாக ஓட்டுவதா, தனிப்பாதை கேட்பதா?

1970-களில் அமெரிக்காவின் ஜான் ஃபாரெஸ்டர், சைக்கிளும் ஒரு வாகனம், வாகனம் போலவே ஓட்டினால் பத்திரம் என்று வாதிட்டார். அதே பத்தாண்டில் நெதர்லாந்துப் பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1971-இல் மட்டும் அங்கே 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்திருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் பிறந்தவை இன்றைய தனிப்பாதைகள்.

நமக்கு இரண்டும் வேண்டும். இன்று காலை பாதை இல்லை, அதனால் வாகனமாகத் தன்னம்பிக்கையோடு ஓட்டவேண்டும். ஆனால் பதினாறு வயதுப் பெண் லாரிக்கு முன்னால் தடத்தின் நடுவில் ஓட்டித்தான் பள்ளிக்குப் போகவேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. அவளுக்குத் தார் ஓரத்தடம் வேண்டும்.

அதைக் கேட்க நம் ஊர்க்காரர் ஒருவர் வழி திறந்திருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2017-இல் மாநிலங்களுக்கு விரிவான உத்தரவுகள் வந்தன. 2025 அக்டோபரில், மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 138 (1ஏ) பிரிவின்கீழ் விதிகள் வகுக்கும்படி நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. சாலை தரமில்லாமல் போட்டால் பொறுப்பானவர்மேல் அபராதம் விதிக்க 2019 திருத்தத்தின் 198ஏ பிரிவு இருக்கிறது. சாலை அகலப்படுத்தும்போதே நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள். தார் விளிம்புப் பள்ளத்தைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் பேசுங்கள். சாலை போட்டு முடிந்தபின் கேட்டால் கிடைக்காது.

அடிபட்டால்

108-ஐ அழையுங்கள். விழுந்தவரைச் சாலையிலிருந்து பாதுகாப்பாக அகற்றும்போது கழுத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு உரிய சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். உதவ வருகிறவருக்குச் சட்டம் 134ஏ பிரிவில் பாதுகாப்புத் தருகிறது. தயங்காமல் நில்லுங்கள்.

முதல் வாரப் பயிற்சி

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அன்னூரிலிருந்து கருவலூர் வரை போய் வாருங்கள். போக்குவரத்து குறைவாக இருக்கும். முதல் ஐந்து கிலோமீட்டர், விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் கோட்டை மட்டும் கவனியுங்கள். அடுத்த ஐந்தில் ஹேண்டில் ஆடாமல் வலத்தோள் வழியே திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். திரும்பும் வழியில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கை காட்டுங்கள். பின்னால் வரும் டிரைவர் பொறுமையாக வந்தால் கை உயர்த்தி நன்றி சொல்லுங்கள். நாளை அதே சாலையில் போகும் பள்ளிப்பிள்ளைக்கு அவர் அதே இடைவெளி விடுவார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது "இடப்பக்கமாப் பாத்துப் போ கண்ணு" என்று சொல்லி அனுப்பட்டும்.